சாட் வழி ரெஃபரன்ஸ் சேவை: பயிற்சிக்கு வரும் நூலகப் பணியாளர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி நூலகம் ஒன்றில் ரெஃபரன்ஸ் மேசையில், அதாவது வாசகர் தேடுவதைக் கண்டுபிடிக்க உதவும் இடத்தில், பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது சாட்டில் வாசகருக்குப் பதில் சொல்வது எப்படி என்று மற்ற நூலகப் பணியாளர்களுக்குச் சொல்லித்தருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் டீ இடைவேளையில் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் எழுதிவைத்திருக்கிறேன்.

சாட் ரெஃபரன்ஸ்னா என்ன சார்? வாட்ஸ்அப்ல பதில் போடுறதுதானே, அதுக்கு எதுக்குப் பயிற்சி?

வாசகர் நேரில் வராமல் கைபேசியிலோ கணினியிலோ எழுதிக் கேட்கிறார். அவர் இருக்கும்போதே நாம் எழுதிப் பதில் சொல்கிறோம். மின்னஞ்சலில் நாளைக்குப் பதில் போடலாம், இதில் முடியாது. வாட்ஸ்அப்பில் நடந்தாலும் சரி, நூலக இணையதளத்தின் மூலையில் இருக்கும் சாட் பெட்டியில் நடந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

"புக் இருக்கா?" "இருக்கு." இதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. ஆனால் மேசையில் பாதி வேலையை நாம் முகத்தைப் பார்த்தே முடித்துவிடுகிறோம். ஒரு பையன் கேட்கத் தயங்கி நிற்கிறான். ஒரு பெண் கையில் துண்டுச்சீட்டைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். சொன்ன பதில் புரியவில்லை என்றால் நெற்றி சுருங்குகிறது. சாட்டில் இதெல்லாம் கிடையாது, ஒற்றை வரிதான் வரும். கண் செய்துவந்த வேலையை எழுத்தை வைத்துச் செய்யப் பழக வேண்டும். பயிற்சி அதற்குத்தான்.

நான் ரெண்டு விரல்ல டைப் பண்றவன். வயசு ஐம்பத்திமூணு. எனக்கு இது சரிப்படுமா?

தாராளமாக. வேகமாக அடிப்பவர்கள்தான் வகுப்பில் அதிகம் சொதப்புகிறார்கள். கேள்வியைப் பாதி படித்தவுடனேயே பதில் போய்விடுகிறது. உங்களுக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பது தலைக்குள் இருக்கிறது, அதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுவிட முடியாது.

தமிழ்99 விசைப்பலகை பழகினால் நல்லது. அது வராவிட்டால் கைபேசியில் குரல் தட்டச்சு இருக்கிறது. சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்ளும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள், அது 'தொகுதி'யைத் 'தகுதி' ஆக்கிவிடும். நீளமான பதிலை ஒரே மூச்சில் அடித்து அனுப்பாமல், இரண்டு வரி முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த இரண்டு வரிக்குப் போங்கள். மெதுவாக அடிக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்? எங்க காலேஜ்ல பட்ஜெட்டே இல்லையே.

வாங்க வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சியும் சேர்ந்து 2002இல் கொஸ்டின்பாயிண்ட் என்ற இணைய ரெஃபரன்ஸ் சேவையைத் தொடங்கின. 2019இல் அது ஸ்பிரிங்ஷேர் என்ற நூலக மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இப்போது அந்த நிறுவனத்தின் லிப்சாட் போன்றவற்றுக்குப் பணம் கட்டுகின்றன. நமக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். ஒரு போனோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால் மேசைக் கணினியிலேயே பதில் அடிக்கலாம். முடிந்தது, காத்திருக்கிறது என்று லேபிள் ஒட்டலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. நூலகத்துக்கென்று தனி சிம் வேண்டும். ஒரு கல்லூரியில் சிம் வாங்கச் சோம்பல்பட்டு, நூலக உதவியாளராக இருந்த பெண்ணின் சொந்த எண்ணைப் போஸ்டரில் அச்சடித்துவிட்டார்கள். இரவு பதினொன்றரைக்கு "ஹாய்" வர ஆரம்பித்தது. கடைசியில் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது அந்தப் பெண்தான், போஸ்டரை அச்சடித்தவர்கள் இல்லை. புது சிம்முக்கு ஆகும் செலவு அவர்களுடைய ஒரு நாள் டீச் செலவைவிடக் குறைவு.

பயிற்சியில என்னதான் செய்வீங்க? பவர்பாயிண்ட் போட்டுட்டுக் கிளம்பிடுவீங்களா?

பவர்பாயிண்ட் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு ஜோடி ஜோடியாகப் பிரித்து வேறு வேறு அறையில் உட்கார வைப்பேன். ஒருவர் வாசகர், ஒருவர் நூலகர். வாசகராக நடிப்பவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். 'உங்களுக்கு உண்மையில் வேண்டியது: 1991 ஜூன் மாதம் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை வந்த வாரத்துத் தமிழ் நாளிதழ்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது: பழைய பேப்பர் இருக்கா?'

ஒருமுறை இதற்கு வந்த முதல் பதில்: "எடைக்குப் போட்டாச்சு." அறையே சிரித்தது. அடித்தவரும் சிரித்தார். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் நூலகத்தில் நிஜமாகவே எடைக்குத்தான் போட்டிருந்தார்கள். எந்த ஆண்டு, எதைப் பற்றி என்று கேட்டிருந்தால் வேறு எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டியிருக்கலாம். அது அவருக்கே அடுத்த நிமிடம் புரிந்தது.

மறுநாள் காலை அந்த உரையாடல்களையெல்லாம் அச்செடுத்து, பெயரை மறைத்து, எல்லோரும் சேர்ந்து படிப்போம். சத்தம் போட்டுப் படிக்கும்போதுதான் நாம் எழுதியது எவ்வளவு வெடுக்கென்று இருக்கிறது என்பது காதில் விழும். மதியத்துக்கு மேல் ஓபேக் (நூலகத்தின் கணினி அட்டவணை), சோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கும் இணையதளம்), தேசிய மின்னூலகம் இவற்றில் கடிகாரம் வைத்துத் தேடல். ஆக மொத்தம் இரண்டு நாள். ஆனால் மாதம் ஒருமுறை பழைய உரையாடல்களைப் படிக்கும் வழக்கத்தைத் தொடராவிட்டால் அந்த இரண்டு நாளும் வீண்.

கேட்டதுக்கு நேரா பதில் சொன்னா போதாதா? எதுக்குத் திருப்பிக் கேள்வி கேட்டு டைம் வேஸ்ட் பண்ணணும்? 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து'ன்னு ரங்கநாதனே சொல்லியிருக்கார்ல?

சொல்லியிருக்கிறார், 1931இல் வந்த அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. சீர்காழிக்காரரான ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் மிச்சப்படுத்தச் சொன்னது வாசகரின் நேரத்தை, நம்முடைய நேரத்தை இல்லை. எனக்கே நடந்த ஒரு சாட்டைப் பாருங்கள்.

வாசகர்: சிலப்பதிகாரம் புக் இருக்கா
நூலகம்: வணக்கம், இருக்கிறது. மூலம் மட்டும் போதுமா, உரையோடு வேண்டுமா?
வாசகர்: தெரியல சார்
நூலகம்: பரவாயில்லை. அதில் என்ன தேடுகிறீர்கள் என்று சொன்னால் சரியான பதிப்பை எடுத்துவைக்கிறேன்.
வாசகர்: கல்ச்சுரல்ஸ்ல மாதவி வேஷம் போடறேன். அவங்க என்ன நகை போட்டிருப்பாங்கன்னு தெரியணும்

"இருக்கு, இரண்டாவது மாடி" என்று முடித்திருந்தால் அந்தப் பெண் முப்பது காதைகளையும் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போயிருப்பாள். அவளுக்குத் தேவை ஒரே காதை. புகார்க் காண்டத்துக் கடலாடு காதையில் மாதவியின் அணிகலன்களைக் கால்விரலில் தொடங்கி மேல்நோக்கி இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் என்று காலுக்கே ஐந்து. உரையில்லாமல் படித்தால் எது எங்கே போடுவது என்று புரியாது, அதனால் அடியார்க்கு நல்லார் உரையுள்ள பதிப்பை எடுத்துவைத்தேன். இத்தனைக்கும் சாட் ஆறு நிமிடம்தான்.

மக்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்பதை ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மனசுக்குள் இருக்கும் தேவை வேறு. நூலகத்தால் எதைத் தர முடியும் என்று வாசகர் நினைக்கிறாரோ, அதற்கேற்ப வெட்டிச் சுருக்கித்தான் வாயைத் திறக்கிறார். 'மாதவி நகை' என்றால் நூலகர் சிரிப்பார், 'சிலப்பதிகாரம்' என்றால் சிரிக்க மாட்டார். கேள்வியைத் திருப்பிக் கேட்பது அந்த வெட்டை ஒட்டவைக்கத்தான்.

ஆனால் "எதுக்கு வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்தில் அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். மேலே நான் கேட்ட வரியைப் பாருங்கள், "சொன்னால் எடுத்துவைக்கிறேன்" என்று நம் பங்கும் அதிலேயே இருக்கிறது. இன்னொன்று: "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்பவரை விசாரிக்க வேண்டாம். மணியைச் சொல்லிவிட்டு விடுங்கள்.

நான் அலமாரிக்குப் போய்த் தேடிட்டு வர்றதுக்குள்ள அவர் போயிட்டா?

போய்விடுவார். மேசையில் என்றால் நீங்கள் அலமாரிப் பக்கம் நடப்பதை அவர் பார்க்கிறார். சாட்டில் நீல டிக் விழுந்ததும் அமைதிதான். 'ஆள் எழுந்து போய்விட்டார்' என்றுதான் தோன்றும். அதனால் எழுந்திருக்கும் முன்பே சொல்லுங்கள்: "இரண்டாவது மாடியில் பார்த்துவிட்டு வருகிறேன். பத்து நிமிடம் ஆகும். இருக்க முடியுமா, பிறகு அனுப்பட்டுமா?" நிமிடக் கணக்கைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். பத்து என்று சொல்லி ஏழில் வந்தால் நல்ல பேர், ஐந்து என்று சொல்லி ஏழில் வந்தால் கெட்ட பேர்.

உட்கார்ந்த இடத்திலேயே தேடுகிறீர்கள் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி போடுங்கள். "ஓபேக்கில் இல்லை, சோத்கங்காவில் பார்க்கிறேன்." இதில் இன்னொரு லாபமும் உண்டு, எங்கெல்லாம் தேட வேண்டும் என்பதை அவரும் கற்றுக்கொள்கிறார்.

பசங்க 'ப்ரோ'ங்கிறாங்க. நான் பதிலுக்கு 'நீ' போடலாமா? தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறாங்களே, அதுக்கு எப்படிப் பதில் போடுறது?

முதலாமாண்டு மாணவனாக இருந்தாலும் 'நீங்கள்'தான். மேசையில் "என்னப்பா வேணும்?" என்று கேட்டால் குரலில் இருக்கும் அன்பு போய்ச் சேரும். எழுத்தில் 'நீ' மட்டும்தான் போய்ச் சேரும். எதிரில் இருப்பது மாணவனா, விடுதிக் காப்பாளரா, ஓய்வுபெற்ற பேராசிரியரா என்பதும் பல நேரம் நமக்குத் தெரியாது. அவர்கள் நம்மை ப்ரோ, அக்கா, சார், மேம் என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், திருத்த வேண்டாம். நான் 'மேம்' ஆகப் பலநாள் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக் கேட்டால் தமிழ் எழுத்தில் எளிமையாகப் பதில் சொல்லுங்கள். கேலி செய்யவோ 'தமிழில் எழுதவும்' என்று பாடம் எடுக்கவோ கூடாது. தமிழ் படிக்கத் தெரியாது என்று சொன்னால் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். புத்தகத்தின் பெயரையும் அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் அழைப்பு எண்ணையும் மட்டும் அட்டவணையில் இருக்கிறபடியே எழுதுங்கள்.

ரெடிமேட் பதில் வச்சுக்கிட்டா வேலை சுலபம்ல?

சுலபம்தான், வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் சாய்வுக்கோடு போட்டால் தயார் பதில்கள் வரிசையாக வரும். நூலக நேரம், புதுப்பிக்கும் முறை, நோ டியூ வாங்கும் வழி, கல்லூரிக்கு வெளியிலிருந்து இதழ்களைத் திறப்பது, கருத்துத்திருட்டுச் சோதனைக்கு ஆய்வேட்டை எப்படி அனுப்புவது. அன்றாடம் வருவது பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும்.

அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாணவி எழுதினாள்: "அப்பா ஐசியூல இருந்தாங்க, அதனால புக் ரிட்டர்ன் பண்ண முடியல, ஃபைன் எவ்ளோ?" எங்கள் மேசையிலிருந்து போன பதில்: "தாமதக் கட்டணம் நாளுக்கு ஒரு ரூபாய். நன்றி!" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. போட்டவர் கல்நெஞ்சர் இல்லை, 'ஃபைன்' என்ற சொல்லைப் பார்த்ததும் விரல் போய்விட்டது. அன்றைக்கே எல்லாத் தயார் பதில்களிலிருந்தும் பொம்மைகளை எடுத்தோம். 'முதல் வரியைக் கையால் அடி, இரண்டாவது வரியிலிருந்துதான் தயார் பதில்' என்று விதி வைத்தோம். முதல் வரியைக் கையால் அடிக்க வேண்டுமென்றால் கேள்வியை முழுக்கப் படித்தாக வேண்டுமே.

எனக்குத் தெரியாததைக் கேட்டா என்ன பண்றது? தெரியலைன்னு சொன்னா அசிங்கமா இருக்காதா?

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால்தான் அசிங்கம், ஏனென்றால் அது எழுத்தில் நிற்கும், ஸ்கிரீன்ஷாட் சுற்றும். "இது எங்களிடம் இல்லை, ஆனால்" என்று தொடங்குங்கள். அந்த 'ஆனால்'க்குப் பிறகு என்ன எழுதுவது என்பதற்காகத்தான் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பட்டியல் ஒட்டச் சொல்கிறேன். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் வலைத்தளம். சங்க இலக்கிய மூலங்களுக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். ஊருக்கேற்ப நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், மாவட்ட மைய நூலகத்து எண் கண்டிப்பாக இருக்கட்டும்.

ஒரே நேரத்துல மூணு பேர் வந்து நின்னா?

மூவருக்கும் முதலில் ஒரு வரி வணக்கம். பிறகு மணி கேட்டவருக்கு மணி, மற்ற இருவருக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கு (அலமாரிக் கேள்விக்குச் சொன்னதேதான்). இரண்டுக்கு மேல் ஒன்றாகப் பேசாதீர்கள். ஆய்வு மாணவருக்கான பதில் நோ டியூ கேட்டவருக்குப் போய்விடும், பார்த்திருக்கிறேன்.

அசைன்மென்ட்டை முழுசா எழுதித் தரச் சொல்றாங்க. மறுத்தா கோவிச்சுக்கறாங்க.

எழுதித்தர முடியாது என்று சொல்வதோடு நிறுத்தினால் கோபம் வரும். "மூன்று கட்டுரை எடுத்துத் தருகிறேன், முதலாவதில் இரண்டாம் பகுதியை மட்டும் படியுங்கள்" என்றால் பெரும்பாலும் வராது. எந்த மாத்திரை சாப்பிடலாம், வழக்குப் போடலாமா போன்ற கேள்விகளிலும் இதே கோடுதான். எந்தப் புத்தகத்தில், எந்தச் சட்டப்பிரிவில் இருக்கிறது என்று காட்டலாம், "நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று சொல்லக் கூடாது.

பிடிஎஃப் அனுப்புங்கன்னு கேக்கறாங்க. முழு புக்கையும் ஸ்கேன் பண்ணி அனுப்பலாமா? எஜுகேஷனுக்குத்தானே?

'கல்விக்குத்தான்' என்பது எல்லாவற்றையும் திறக்கும் சாவி இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. கேட்ட ஒருவருக்கு ஓர் இயலின் சில பக்கங்கள் என்றால் அந்த எல்லைக்குள் நிற்கலாம். கடையில் கிடைக்கும் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை அனுப்பினால் நிற்காது. அதே பிரிவில், இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை வணிக நோக்கில்லாத பொது நூலகம் மூன்று பிரதி வரை எடுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அது நூலகத்தின் பயன்பாட்டுக்கு. வாட்ஸ்அப்பில் விநியோகிக்க இல்லை.

அதைவிட நல்ல வழி, உரிமைச் சிக்கல் இல்லாததைத் தேடித்தருவது. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்த படைப்புகளும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் ஏராளமாக இணையத்தில் இருக்கின்றன. ஆய்விதழ்க் கட்டுரை என்றால், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. கட்டுரையை நாம் எடுத்து அனுப்புவதைவிட, அவரையே உள்ளே நுழைய வைப்பது மேல். அடுத்தமுறை நம்மைக் கேட்க மாட்டார்.

அசிங்கமா யாராவது மெசேஜ் போட்டா?

ஒருமுறை: "நூலகம் சம்பந்தமாக ஏதாவது வேண்டுமா?" அடுத்தமுறை: "இந்த உரையாடலை முடிக்கிறேன்." பிறகு பிளாக். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். பொறுத்துப் போக வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. தனி சிம் பற்றி மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னதும் இதனால்தான்.

சாட்டையெல்லாம் சேமிச்சு வைக்கலாமா? ஹெச்ஓடி ஒருத்தர் 'என் ஸ்டூடண்ட் என்ன கேட்டான்னு காட்டுங்க'ன்னு கேக்கறார்.

காட்டக் கூடாது. யார் என்ன படிக்கிறார் என்பது நூலகத்துக்கும் வாசகருக்கும் நடுவே இருக்கும் விஷயம். சாட் வந்ததால் அது மாறிவிடாது. இப்போது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருப்பதால், மறுப்பதற்கு மரியாதையான காரணமும் கிடைத்திருக்கிறது. "சட்டச் சிக்கல் சார்" என்றால் ஹெச்ஓடி மேலே பேச மாட்டார்.

பயிற்சிக்கு வேண்டியதைப் பெயர், எண், துறை எல்லாம் நீக்கித் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, மூலத்தை மாதக் கடைசியில் அழித்துவிடுங்கள். துறையை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்பார்கள். சின்னக் கல்லூரியில் 'தத்துவத்துறை ஆய்வு மாணவி' என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி இருக்கும்போது யார் சார் நம்மகிட்ட வரப்போறா?

வருகிறார்கள், அதைக் கேட்டுவிட்டே வருகிறார்கள். பத்துக் கட்டுரைகளின் பட்டியலை ஒட்டி "இதெல்லாம் எடுத்துத் தாங்க" என்பார்கள். ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், தொகுதி எண்கூட நிஜம். அந்தப் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை இருக்கும். தலைப்பு இயந்திரம் கட்டியது.

இதைக் கண்டுபிடிப்பதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறேன். டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கென்று இணையத்தில் இருக்கும் நிரந்தர அடையாள எண்ணை, திறந்து பாருங்கள். அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்துக்குப் போங்கள். இல்லை என்றால் "இப்படி ஒரு கட்டுரை இல்லை" என்று சொல்லி, அதே பொருளில் நிஜமான ஒன்றைக் கையில் கொடுங்கள். மாணவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள், பாதிப் பேருக்கு இயந்திரம் இப்படிச் செய்யும் என்பதே தெரியாது. நம் பதிலையும் அதனிடம் எழுதி வாங்கி ஒட்டலாமா என்று ரகசியமாகக் கேட்பவர்கள் உண்டு. ஒட்டலாம், நீங்களே ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகு. அதற்குள் நீங்களே எழுதி முடித்திருப்பீர்கள்.

ஒருநாள் 'தற்கொலை பத்தி புக் இருக்கா'ன்னு வந்துச்சு. நான் பயந்துபோய் சாட்டை மூடிட்டேன். என்ன செஞ்சிருக்கணும்?

மூடியிருக்கக் கூடாது. ஆனால் பயந்தது தப்பில்லை. கேட்டவர் சமூகவியல் மாணவராக இருக்கலாம். 1897இல் வந்த, தற்கொலை பற்றிய எமில் டர்க்ஹைமின் ஆய்வு பல இடங்களில் பாடத்திலேயே இருக்கிறது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். சிலப்பதிகாரம் கேட்டவரிடம் செய்ததைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும், இன்னும் மெதுவாக: "பாடத்துக்காகத் தேடுகிறீர்களா? இல்லை, உங்களுக்கு மனசு சரியில்லாமல் இருக்கிறதா? எதுவானாலும் சொல்லலாம், நான் இங்கேதான் இருக்கிறேன்." இப்படி வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் அவருக்குப் புதிதாக வந்துவிடாது.

இரண்டாவது என்றால், புத்தகம் தேடுவதை நிறுத்துங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவும் பகலும் தமிழில் பேசலாம் என்று சொல்லுங்கள். எண்ணை அனுப்பிவிட்டுக் கழன்றுகொள்ளாதீர்கள். அவர் அழைக்கும்வரை ஒரு வரி, இரண்டு வரி பேசிக்கொண்டே இருங்கள். பக்கத்து மேசைக்காரரை எழுப்பி, கல்லூரி ஆலோசகருக்குச் சொல்லச் சொல்லுங்கள். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண் 112. வாசகரின் ரகசியம் பற்றி மேலே சொன்னது இந்த ஒரு இடத்தில் பின்னால் போகலாம். உதவ வேண்டியவருக்கு மட்டும், உதவிக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். ஆலோசகரின் எண்ணும் இந்த இரண்டு எண்களும் மேசையில் முன்கூட்டியே ஒட்டியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேட முடியாது.

முடிந்ததும் அந்தப் பணியாளரை மேசையிலிருந்து எழுப்பிவிடுங்கள். அன்றைக்கு அவருக்கு அடுத்த சாட் வேண்டாம். யாராவது கூடப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.